திரையில் 240, கண்ணெதிரே 225: ஆட்டோபைலட்டின் காம்பஸை ஏமாற்றுவது எது?

சுக்கானைத் தானே திருப்பி, கொடுத்த திசையில் படகை ஓட்டும் ஆட்டோபைலட்டின் காம்பஸ் பழுதாகிவிட்டதா, புதிதாக ஒன்று வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தந்துள்ள விவரங்களைப் படித்தால், கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்று தோன்றுகிறது. நல்ல நிலையில் இருக்கும் ஒரு காம்பஸை அருகிலுள்ள ஏதோ ஒன்று அவ்வப்போது ஏமாற்றுகிறதா, ஏமாற்றுகிறது என்றால் அதை எப்படிக் கையும் களவுமாகப் பிடிப்பது என்பதே உங்கள் சிக்கல். நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். 11 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் பாய்மரப் படகு. ஆட்டோபைலட்டின் காம்பஸான ஃப்ளக்ஸ்கேட் சென்சார் (புவியின் காந்தப்புலத்தை மின்னணு முறையில் உணர்வது) கீழறையில் ஒரு படுக்கைக்கு அடியிலுள்ள பெட்டியறையில் பொருத்தப்பட்டிருக்கிறது. 240 பாகை என்று திசை கொடுத்தால் படகு கால் மணி நேரம் நேராகப் போகிறது, பிறகு இடப்புறமாக 15 பாகை விலகி அந்தப் புதிய திசையில் சில நிமிடங்கள் நிதானமாக ஓடுகிறது, பின்பு தானாகவே பழைய பாதைக்குத் திரும்புகிறது. அந்த நேரம் முழுவதும் ஆட்டோபைலட்டின் திரை 240 என்றே காட்ட, சுக்கான் சக்கரத்தின் முன்னாலுள்ள திரவக் காம்பஸ் மட்டும் 225 என்கிறது. பொருத்துநர் இரண்டு முறை அளவுத்திருத்தம் செய்தார், அதாவது படகை வட்டமடிக்க வைத்துச் சென்சாரின் பிழையைத் திருத்தினார். முதல் முறை அந்தப் பிழை, அதாவது விலகல், 6 பாகை என்றும், இரண்டாம் முறை 14 பாகை என்றும் வந்தது. நண்பர் ஒருவர் சென்சாரை அலுமினியத் தாளில் சுற்றச் சொல்லியிருக்கிறார்.

படகுகளில் மின்னணுக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் தொழில். உங்கள் படகை நான் பார்க்கவில்லை என்பதால் எந்தக் கம்பி, எந்தக் கருவி என்று இங்கிருந்தபடி சொல்ல இயலாது. ஆனால் நீங்கள் கவனித்து எழுதிய ஒரு விஷயம், திரை 240-இலேயே நிற்பது, பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறது. சுக்கானிலோ அதை இயக்கும் மோட்டாரிலோ கோளாறு என்றால், படகு விலகும்போது திரையிலுள்ள எண்ணும் 225-க்கு இறங்கியிருக்கும். ஆட்டோபைலட் பாதை விலகல் எச்சரிக்கையும் கொடுத்திருக்கும். எண் மாறவில்லை, படகு மட்டும் மாறியது என்றால், படகு 240-இல் இருந்தபோதே சென்சார் அதை 255 என்று படித்திருக்கிறது. ஆட்டோபைலட் அதை நம்பி, எண் 240-க்கு வரும்வரை படகை இடப்புறம் திருப்பியிருக்கிறது. அதாவது கணினியும் மோட்டாரும் தமக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகவே செய்கின்றன. சென்சாரே உள்ளுக்குள் பழுதாகியிருக்க ஒரு சிறிய வாய்ப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பழுதான சென்சார் பெரும்பாலும் எண்களைத் தாறுமாறாகத் தள்ளாட வைக்கும், அல்லது ஒரேயடியாக உறைந்துவிடும். ஒரே அளவு விலகி, நிதானமாக நின்று, மீண்டும் அதே இடத்துக்குத் திரும்புவது ஒரு சுவிட்சின் நடத்தை. ஏதோ ஒரு கருவி ஓடத் தொடங்குகிறது, சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது.

இதன் அடிப்படை மிகப் பழையது. மின்னோட்டம் செல்லும் கம்பி பக்கத்திலிருக்கும் காந்த ஊசியைத் திருப்பும் என்று ஏர்ஸ்டெட் 1820-இல் கண்டறிந்தார். உங்கள் படுக்கைக்கு அடியில் தினமும் பலமுறை நடப்பது அந்தச் சோதனைதான். புவியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும். திசை காட்டப் பயன்படுவது அதன் கிடைமட்டப் பகுதி மட்டுமே. அது காந்தத் துருவங்களை நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே போகும். ஆகவே ஒரே கம்பி, ஒரே சென்சார் என்றாலும் உயர் அட்சரேகைகளில் தொல்லை அதிகமாகத் தெரியும். தனியாக ஓடும் நீண்ட கம்பி உண்டாக்கும் புலத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: ஆம்பியரை 0.2-ஆல் பெருக்கி, மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் மைக்ரோடெஸ்லா கிடைக்கும். 12 வோல்ட் ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஒன்று 5 ஆம்பியர் இழுக்கிறது, அதன் பாசிட்டிவ் கம்பி சென்சாருக்கு 15 சென்டிமீட்டர் தள்ளி ஓடுகிறது, நெகட்டிவ் கம்பி படகின் மறுபக்கமாகச் சுற்றித் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். புலம் 6.7 மைக்ரோடெஸ்லா. புவியின் கிடைமட்டப் புலம் 30 என்றால் அதிகபட்ச விலகல் 12 பாகையைத் தாண்டும். அந்தப் புலம் 20 ஆக இருக்கும் இடத்தில் 19 பாகையைத் தாண்டும். அதே இரு கம்பிகளும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் அடுத்தடுத்து ஓடினால், ஒன்றின் புலத்தை மற்றது பெருமளவு அழித்து, முதல் கணக்கின் 12 பாகை ஒரு பாகைக்கும் கீழே இறங்கிவிடும்; முறுக்கிவிட்டால் அதுவும் இல்லாமலே போகும். மின்னோட்டம் அதே 5 ஆம்பியர்தான். தொல்லையைத் தீர்மானிப்பது ஆம்பியரை விடவும் போகும் கம்பிக்கும் திரும்பும் கம்பிக்கும் நடுவில் உள்ள இடைவெளி என்பதைப் பொருத்துநர்களே பலர் மறந்துவிடுகிறார்கள்.

அளவுத்திருத்தம் ஏன் உதவவில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். படகு மெதுவாக வட்டமடிக்கும்போது சென்சார் செய்வது, படகோடு ஒட்டிய, மாறாத காந்தப்புலங்களைக் கணக்கிட்டுக் கழிப்பது: இன்ஜினின் இரும்பு, படகின் அடியிலுள்ள கீலின் போல்ட்டுகள், சுவரில் பதித்த ஒலிபெருக்கியின் காந்தம் போன்றவற்றை. எப்போதும் இருப்பதை அது கழிக்கும். வந்து வந்து போவதைக் கழிக்க அதனிடம் வழியில்லை. உங்கள் இரண்டு முறைகளிலும் 6, 14 என்று இவ்வளவு வேறுபாடு வந்ததே ஒரு தடயம். இரண்டு முறைகளுக்கும் நடுவில் அந்தப் பெட்டியறையில் இருந்த பொருள்கள் இடம் மாறியிருக்கலாம். அல்லது, எனக்கு அதிகம் தோன்றுவது, ஒரு முறை வட்டமடிக்கையில் அந்த மர்மக் கருவி ஓடிக்கொண்டிருந்தது, மறுமுறை நின்றிருந்தது. பாதி வட்டத்தில் ஓடி மீதி வட்டத்தில் நின்றிருந்தால் நிலைமை இன்னும் மோசம். எந்த நிலைக்கும் பொருந்தாத ஒரு திருத்தம் சென்சாரில் பதிவாகியிருக்கும். எனவே காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை மூன்றாவது முறை அளவுத்திருத்தம் செய்ய வேண்டாம்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். படகை அசையாதபடி கயிறுகளால் இறுக்கிக் கட்டுங்கள். ஆட்டோபைலட்டை ஸ்டாண்ட்பையில் (சுக்கானைத் திருப்பாத நிலையில்) வைத்து, திரையில் திசை எண் மட்டும் தெரியும்படி செய்யுங்கள். அந்த எண் சரியா தவறா என்பது இப்போது முக்கியமல்ல. கட்டுத்துறையிலேயே இரும்பு இருக்கலாம். அது மாறுகிறதா என்பதைத்தான் பார்க்கிறோம். மின்பலகையில் ஆட்டோபைலட்டைத் தவிர எல்லாவற்றையும் அணைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றாக இயக்குங்கள்: ஃபிரிட்ஜ், பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் நீரை இறைப்பது), குடிநீர் பம்ப், இன்வெர்ட்டர், விளக்குகள், ரேடார், பேட்டரி சார்ஜர், கடைசியாக இன்ஜின். ஒவ்வொன்றையும் இயக்கிய பின் இரண்டு மூன்று நிமிடங்களாவது பொறுத்திருங்கள். இந்தப் பொறுமையை நான் அனுபவத்தில்தான் கற்றேன். பல புதிய சென்சார்களில் காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியோடு, படகு திரும்புவதை உணரும் கைரோவும் சேர்ந்திருக்கிறது. குறுகிய நேரத்துக்கு அவை கைரோவையே நம்பும், படகு திரும்பவில்லை என்று கைரோ சொல்லிக்கொண்டிருக்கும்வரை எண்ணை அசையவிடாது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காந்தமானியின் பக்கம் சாயும். சுவிட்சைப் போட்ட உடனே திரையைப் பார்த்துவிட்டு "இது இல்லை" என்று அடுத்ததற்குப் போனால், குற்றவாளியை விட்டுவிட்டு அதற்கு அடுத்த கருவியைப் பிடித்து உட்காருவோம். ஃபிரிட்ஜைப் பொறுத்தவரை சுவிட்ச் போட்டதாலேயே கம்ப்ரசர் ஓடிவிடாது. அது உறுமத் தொடங்கும்வரை தெர்மோஸ்டாட்டைத் திருகி வையுங்கள்.

இந்தச் சோதனையில் பெரும்பாலானோர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. குறுக்கிடும் புலம் படகோடு சேர்ந்து திரும்புவது. புவியின் புலம் அப்படியே நிற்பது. படகு ஒரு குறிப்பிட்ட திசையில் இருக்கும்போது இரண்டும் ஒரே கோட்டில் வந்துவிட்டால், குறுக்கீடு புவியின் புலத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும், ஆனால் திருப்பாது. திரையில் எதுவும் மாறாது. இப்படி ஒரு திசையில் மட்டும் சோதித்து "எல்லாம் சரி" என்று முடிவெடுத்த படகுகளைக் கடலில் மறுபடி பார்த்திருக்கிறேன். ஆகவே இரண்டு திசைகளில் சோதிக்க வேண்டும். அவை ஒன்றுக்கொன்று ஏறத்தாழ செங்குத்தாக இருக்க வேண்டும். முன்பக்கத்தைப் பின்பக்கமாக மாற்றிக் கட்டினால் போதாது, ஏனெனில் 180 பாகை திரும்பினாலும் அந்தப் புலங்கள் அதே கோட்டில்தான் நிற்கும். குறுக்காகத் திருப்பிக் கட்ட இடமில்லையென்றால், காற்றில்லாத காலை வேளையில் ஒருவர் கையால் சுக்கான் பிடித்துத் தொலைவிலுள்ள ஏதேனும் ஓர் அடையாளத்தை நோக்கி நேராக ஓட்ட, இன்னொருவர் கீழே சுவிட்சுகளைப் போடலாம். உங்கள் படகைப் பொறுத்தவரை விலகல் நன்றாகத் தெரிந்த திசை 240 என்று உங்களுக்கே தெரியும் என்பதால், அதை ஒட்டிய திசையில் தொடங்குங்கள்.

ஒரு முறை இதே போன்ற புகாருக்குப் போனபோது, சென்சாரைப் பிடித்திருந்த பித்தளைத் திருகுகளைக் கழற்றி, கம்பியைத் துண்டிக்காமல் அதைக் கையில் ஏந்திக்கொண்டு பெட்டியறைக்குள் குப்புறப் படுத்திருந்தேன். மேலே ஒருவர் எண்ணை வாசித்துக்கொண்டிருந்தார்: 112, 112, 112. சுவருக்கு அப்பால் கம்ப்ரசர் உறும ஆரம்பித்ததும் அவர் குரல் ஏறியது: 115, 121, 128. சென்சாரைத் திருப்பாமல், இருக்கும் முகத்தோடே ஒரு முழம் மேலே தூக்கினேன், 116. மீண்டும் கீழே இறக்கினேன், 128. டார்ச்சை அடித்துப் பார்த்தால், பெட்டியறையின் அடிப்பலகைக்குக் கீழே ஒற்றைச் சிவப்புக் கம்பி ஒன்று தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் கறுப்புக் கம்பி இன்ஜின் அறை வழியாகப் போய் வேறொரு நெகட்டிவ் முனையில் சேர்ந்திருந்தது. யாரோ பின்னாளில் ஃபிரிட்ஜைச் சேர்க்கும்போது கிடைத்த வழியில் கம்பியை இழுத்திருக்கிறார்கள். கறுப்பைச் சிவப்போடு சேர்த்து, மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு முறுக்கு வீதம் முறுக்கி அதே பாதையில் ஓட்டியதும் எண் அசையவே இல்லை. உங்கள் படகிலும் இதுவேதான் என்று நான் சொல்லவில்லை. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை ஓடிச் சில நிமிடங்களில் நிற்பது ஃபிரிட்ஜின் இயல்பு என்பதால், முதல் சந்தேகத்தை அதன் மீது வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜ் குற்றமற்றது என்று தெரிந்தால், தொல்லை வரும் நேரத்தைப் பாருங்கள். நடுப்பகலில் மட்டும் வந்து இரவில் இல்லாமல் போனால் சூரியத் தகடுகளிலிருந்து வரும் கம்பிகள். இன்ஜினை இயக்கியதும் அதிகமாக வந்து, பேட்டரி நிறைய நிறையக் குறைந்தால் இன்ஜினால் சுழன்று பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர். அங்கே திரும்பும் பாதை இன்ஜினின் உடலே என்பதால் போகும் கம்பிக்கும் அதற்கும் நடுவில் பெரிய வளையம் உருவாகிவிடுகிறது. படகு நேராக நிற்காமல் பாம்பு போல இடமும் வலமும் நெளிந்துகொண்டே போனால் ஆட்டோபைலட்டின் மோட்டார்க் கம்பிகளையே சந்தேகிக்க வேண்டும். அந்த மோட்டாரில் இடப்புறம் திருப்ப ஒரு திசையிலும் வலப்புறம் திருப்ப எதிர்த்திசையிலும் மின்னோட்டம் செல்லும். அது சென்சாரை அசைத்தால், ஆட்டோபைலட் தான் செய்த திருப்பத்தால் தானே ஏமாந்து தன் வாலைத் துரத்தும் நாயாகிவிடும்.

மின்சாரமே வேண்டாத தொல்லைகளும் உண்டு. அந்தப் பெட்டியறையில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள்? உணவு டின்கள், ஸ்பேனர் பெட்டி, உபரி நங்கூரச் சங்கிலி, கைவானொலி, காந்தப் பூட்டுள்ள கைப்பேசி உறை ஆகியவை எல்லாம் காம்பஸின் எதிரிகள். ஒரு காந்தத்தின் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும். தூரத்தை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகிவிடும். எனவே காந்தம், இரும்பு விஷயத்தில் அரை மீட்டர் நகர்த்துவதே பெரிய மருந்து. தனியாக ஓடும் கம்பி விஷயத்தில் இரட்டைத் தூரம் பாதிக் குறைவைத்தான் தரும். அங்கே கம்பியைச் சேர்த்து முறுக்குவதே மருந்து. கடல்சார் கருவிகள் பலவற்றில் காம்பஸிலிருந்து வைக்க வேண்டிய பாதுகாப்புத் தூரம் அச்சிட்டிருக்கும். அது அந்தக் கருவிக்குப் பொருந்துமே தவிர, அதற்குப் போகும் கம்பியை நீங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்பதை அது அறியாது.

வானொலி அலைவரிசைக் குறுக்கீடு வேறு நோய். எஸ்எஸ்பி என்னும் நெடுந்தொலைவு வானொலியில் பேசும்போது மட்டும் சுக்கான் ஒரு பக்கமாக முழுக்கத் திரும்பினால், அல்லது எண்கள் துள்ளினால், அங்கே காந்த ஊசியை யாரும் திருப்பவில்லை. 100 வாட் அளவுள்ள அலைகள் கம்பிகளை ஆன்டெனாவாக்கிக்கொண்டு கணினிக்குள் புகுகின்றன. ஆற்றலைக் குறைத்து அனுப்பும்போது தொல்லையும் மறைந்தால் இதை உறுதி செய்துகொள்ளலாம். கணினிக்குள் நுழையும் இடத்தில் ஒவ்வொரு கேபிளையும், இத்தகைய அலைகளை அடக்கும் ஃபெரைட் வளையத்தின் ஊடாக நான்கைந்து சுற்று சுற்றுவது பெரும்பாலும் உதவும். வளையத்தை ஒரு முறை மாட்டிவிட்டு உதவவில்லை என்பவர்கள் அதிகம். தடை ஏறத்தாழ சுற்றுகளின் வர்க்கத்தில் கூடுகிறது. நீங்கள் விவரிப்பதில் இதற்கான அறிகுறி இல்லை. கருவிகள் தொடங்கும் நொடியில் மின்னழுத்தம் விழுந்து ஆட்டோபைலட் அணைந்து எழுவதும் தனி நோயே. அதற்கும் உங்கள் திரை சாட்சி சொல்லவில்லை. படகின் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் என்எம்இஏ 2000 தரவு வலையமைப்பில் வரும் கோளாறு என்றால் எண் உறையும் அல்லது காணாமல் போகும், அளவாக 15 பாகை நகராது. ஐயம் தீர வேண்டுமென்றால், வலையமைப்புக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரு தரவுக் கம்பிகளுக்கு இடையே மின்தடையை அளந்து பாருங்கள். இரு முனைகளிலும் 120 ஓம் முடிப்பான்கள் (முனையில் மாட்டும் மின்தடைகள்) இருந்தால் 60 ஓம் அளவில் வர வேண்டும்.

அலுமினியத் தாளைப் பற்றி: வேண்டாம். நிலையான காந்தப்புலத்துக்கு அலுமினியம் கண்ணாடி போன்றது, ஊடே போய்விடும். கேபிளின் மேலுள்ள பின்னலுறைக்கும் இதுவே பொருந்தும். மின் இரைச்சலை அது தடுக்கும், காந்தப்புலத்தைத் தடுக்காது. இரும்பில் பெட்டி செய்து மூடினால் தடுக்கும்தான், ஆனால் அது புவியின் புலத்தையும் சேர்த்தே தடுத்துவிடும், பிறகு காம்பஸ் எதைப் பார்க்கும்?

காரணம் தெரிந்தபின் முதலில் கம்பிகளைச் சேர்த்து முறுக்குங்கள். அது முடியாத இடமாக இருந்தால் சென்சாரை நகர்த்துங்கள். துளை போடுவதற்கு முன், அதை ஒரு மரப்பலகையில் ஒட்டு நாடாவால் நிறுத்தி, கேபிள் நீளம் போதவில்லையென்றால் தற்காலிகமாக நீட்டி, புதிய இடத்தில் மேற்சொன்ன சோதனையை முழுவதும் செய்து பாருங்கள். படகின் உருளலும் (பக்கவாட்டு ஆட்டம்) குத்தலும் (முன்பின் ஆட்டம்) குறைவாக உள்ள நடுப்பகுதியில், தாழ்வான இடமே பொதுவாக நல்லது. கைப்பேசியிலுள்ள காந்தமானிச் செயலி ஓர் இடத்தை முன்கூட்டி மோப்பம் பிடிக்க உதவும். ஆனால் கைப்பேசிக்குள்ளேயே காந்தங்கள் இருப்பதால், பொருத்திய சென்சாருக்கு அருகே அதைக் கொண்டுபோகாதீர்கள். எந்த இடமும் ஒத்துவராத படகுகளுக்கு, குறிப்பாக எஃகுப் படகுகளுக்கு, இரண்டு ஆன்டெனாக்களைக் கொண்டு செயற்கைக்கோள் சமிக்ஞையிலிருந்து திசை அறியும் காம்பஸ் உண்டு. காந்தம் அதைத் தொடாது. விலை அதிகம், உங்களுடைய ஃபைபர் படகுக்கு அந்த நிலை வரும் என்று நான் நினைக்கவில்லை.

இடமும் கம்பியும் முடிவான பிறகுதான் அளவுத்திருத்தம். அமைதியான நீரில், கையேடு சொல்லும் வேகத்தைத் தாண்டாமல், அவசரப்படாமல் வட்டமடியுங்கள். விலகல் 15 பாகைக்கு மேல் வந்தால் சென்சாரை வேறிடத்துக்கு மாற்றச் சில கையேடுகளே சொல்கின்றன. நான் 5-ஐத் தாண்டினாலே அருகில் இரும்பைத் தேடத் தொடங்கிவிடுவேன். முடிந்ததும் கம்ப்ரசரை ஓடவிட்டு, செங்குத்தான இரு திசைகளிலும் மூன்று நிமிடங்கள் எண்ணைப் பாருங்கள். ஒரு பாகைக்குள் நின்றால் வேலை முடிந்தது. அதுவரை ஒடுங்கிய வழித்தடங்களிலும் மற்றப் படகுகளுக்கு அருகிலும் கையாலேயே சுக்கான் பிடியுங்கள். எல்லாக் கருவிகளையும் அணைத்து, பெட்டியறையையும் காலி செய்த பிறகும் அந்த 15 பாகை வந்தால் மட்டும், சென்சாரையே சந்தேகித்து மாற்றுச் சென்சார் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள்.